மெல்ல இறக்கு

லீபாயாவில் காற்று
கதவைத் தட்டாமல்தான் உள்ளே வரும்.
நான் தட்டினேன்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது,
கையில் பதினாறு கட்டம் போட்ட படிவம்.

"தொழில்வழிச் சிகிச்சையா?
அவர் தொழிலை விட்டுப் பதினெட்டு வருஷமாச்சே"
என்றாள் ஸ்கைத்ரீதே,
வாசலை விட்டு நகராமல்.

முதல் கட்டம்: காபி.
ஏவால்ட்ஸ் தண்ணீர் பிடித்தார், அடுப்பைப் பற்றவைத்தார்,
காபித்தூளைச் சர்க்கரை டப்பாவில் கொட்டினார்,
பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார்.
நாலுக்கு இரண்டு போட்டேன்.
கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது.

சட்டைப் பொத்தானுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு.
ஐந்தை நான் போடுவேன்,
கடைசி ஒன்றை அவருக்கு விடுவேன்.
முடித்த கை அவருடையதாக இருக்கவேண்டும்.
அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் மூன்று.
கழிப்பறை இருக்கைக்குச் சிவப்பு மூடி வாங்கினோம்,
வெள்ளைக்குள் வெள்ளை அவர் கண்ணில் தொலைந்துபோவதால்.
எல்லாம் நடந்தது.
உட்காருவது மட்டும் நடக்கவில்லை.

நாற்காலி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால்
முழங்கால் மடங்காது.
உட்காருங்கள் என்ற சொல்
காதுவரை வந்து எங்கேயோ திரும்பிப் போய்விடும்.
சூப் ஆறும். ஸ்கைத்ரீதே தோளை அழுத்துவாள்.
அவர் அவள் மணிக்கட்டைப் பிடிப்பார்.
கன்றிய அந்த இடத்தை
ஸ்வெட்டர் கையால் அவள் இழுத்து மூடியதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
அங்கே யார் பேச்சும் எட்டாது, காற்று விடாது.
கீழே நிற்பவனின் கைதான் பேச்சு.
அப்படிக் கீழே நின்ற சிகுர்ட்ஸை
மீன் புகைக்கும் கொட்டகையில் போய்ப் பிடித்தேன்.
எண்ணெய்க் கையால் செய்து காட்டினார்:
ஏற்று. நிறுத்து. மெல்ல இறக்கு.
நான் செய்ததைப் பார்த்து,
"இந்த வேகத்தில் இறக்கினால் கப்பலே ஓட்டையாகிவிடும்" என்றார்.

"என் புருஷனைச் சரக்கு மாதிரி இறக்கச் சொல்கிறாயா?"
ஸ்கைத்ரீதே அன்று எனக்குக் காபி தரவில்லை.
சரக்கு அவரில்லை, என்றேன்.
அவர் மேலே இருக்கிறார், லீவர் அவர் கையில்.
நாம்தான் கீழே நிற்கிறோம்.

வியாழக்கிழமை, சூப் நேரம்,
அவள் அறையின் அந்தக் கோடிக்குப் போனாள்.
கையைத் தாழ நீட்டி, உள்ளங்கை தரை பார்க்க
சின்னதாக ஒரு வட்டம். இன்னொன்று.
அவர் கண் சுருங்கியது.
தூரத்தை அளக்கிற கண், அதுவரை நான் பார்த்திராத கண்.
வலது கை எதையோ முன்னால் தள்ளியது.
முழங்கால் மடங்கியது.
இருக்கைக்கு ஓர் அங்குலம் மேலே
ஒரு கணம் நின்று
சத்தமில்லாமல்
உட்கார்ந்தார்.
"உப்பு குறைச்சல்" என்று சொல்லிவிட்டு
ஸ்கைத்ரீதே அடுக்களைக்குள் போனவள்
வெகுநேரம் வரவில்லை.

மார்ச்சில் அதுவும் போயிற்று.
அவள் வட்டம் போட்டாள், போட்டாள்,
அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.
இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.
இப்போது இரண்டு பேர் பிடித்து உட்காரவைக்கிறார்கள்.
அதற்கு ஒரு பெல்ட் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது,
அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று புயல் எச்சரிக்கை.
கண்ணாடி அதிர்ந்தது. எங்கோ கூரைத் தகரம் பிய்ந்து உருண்டது.
நாற்காலியின் பிடிகளிலிருந்து
தன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார் ஏவால்ட்ஸ்.
இந்தக் காற்றில் லீவரைத் தொடக்கூடாது.
ஸ்கைத்ரீதே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
காற்று தணியும்வரை
யாருக்கும் வேலை இல்லை.